வாடகையை விடுங்கள், அட்வான்ஸைப் பேசுவோம்

சென்னையில் வாடகை ஏறிவிட்டது என்று புலம்பாத ஆள் இல்லை. கொரோனா காலத்தில் காலியாகக் கிடந்த ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) அடுக்குமாடிகள், ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை மறுபடி ஆபீசுக்குக் கூப்பிட்டதும் நிரம்பிவிட்டன. அப்போது ஏறிய வாடகை இன்னும் இறங்கவில்லை. மெட்ரோவுக்குத் தூண் எழுப்பும் சாலைகளில் ரயில் வருவதற்கு முன்பே ரயிலுக்கான வாடகை வந்துவிட்டது. "மெட்ரோ பக்கத்துலயே சார்" என்கிறார் புரோக்கர். எங்கே என்று கேட்டால் தோண்டிப் போட்ட பள்ளத்தைக் காட்டுகிறார்.

எனக்கும் கோபம்தான். ஆனாலும் வாடகை ஏறுவதால் மட்டும் ஓனரும் குடித்தனக்காரரும் முகம் முறித்துக்கொண்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டுப்படியானால் இருக்கிறோம், இல்லையென்றால் ஊரப்பாக்கமோ திருநின்றவூரோ பார்த்துப் போகிறோம். வணக்கம் சொல்லித்தான் பிரிகிறோம். சண்டை வருவது, காலி செய்யும்போது திருப்பித் தருவதாகச் சொல்லி முன்கூட்டியே வாங்கும் அட்வான்ஸில்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் வெகுகாலம் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பதுதான் எழுதாத விதி. இப்போது ஆறு மாதம், ஐந்து மாதம் என்று சில இடங்களில் இறங்கியிருக்கிறது. பத்து கேட்கிற தெருக்கள் இன்னும் நிறைய. 20,000 ரூபாய் வாடகை என்றால் 2 லட்சம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வட்டி கிடையாது. வங்கியில் போட்டால் ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 14,000 ரூபாய். அதாவது மாதம் 1,100 ரூபாய்க்கு மேல், ரசீதில் வராத வாடகை. நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

அந்தப் பணம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் எங்கேயும் இல்லை. ஓனர் அதை மகள் கல்யாணத்துக்கோ, மாடியில் இன்னொரு போர்ஷன் எடுக்கவோ செலவழித்திருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை, கையில் பணம் வந்தால் யாரும் செய்வதுதான். ஆனால் நாம் காலி செய்கிறோம் என்று சொன்னதும், "தம்பி, அடுத்த பார்ட்டி வரட்டும், அவங்க அட்வான்ஸ் குடுத்ததும் உங்களுக்கு செட்டில் பண்ணிடறேன்" என்பார். அடுத்தவர் பணத்தில் நம் பணம், அவருக்கு அதற்கடுத்தவர் பணம். ஏலச்சீட்டு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது, தள்ளுபடி மட்டும் யாருக்கும் வருவதில்லை. புது வீட்டுக்காரர் இதற்கெல்லாம் காத்திருப்பாரா? சாவி வேண்டுமென்றால் முழு அட்வான்ஸும் முதலில் வேண்டும். ஆக வீடு மாறுகிற குடும்பம் சில வாரங்களுக்காவது இரண்டு அட்வான்ஸைச் சுமக்கிறது.

மீதிச் சங்கடங்களும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. கரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் 400 யூனிட் வரை யூனிட் 5 ரூபாய்க்குள்தான். சப்-மீட்டர் வைத்து ஓனர் வாங்குவது எட்டு, சில வீடுகளில் பத்து. இலவச யூனிட் யாருக்குப் போகிறது என்று வாய் திறந்து கேட்பவர் குறைவு. அப்புறம், "ஆதாரில் இந்த அட்ரஸ் மாத்திடாதீங்க" என்பது ஒரு நிபந்தனை. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) வரிக் கழிவுக்கு ஓனரின் பான் நம்பரை ஆபீசில் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட நாளிலிருந்து மாடிப்படியில் எதிரே வந்தால்கூடப் பேச மாட்டார். இதையெல்லாம் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்? நம் 2 லட்சம் அவர் கையில் இருக்கிறது. முறைத்துக்கொண்டால் கடைசியில் பெயின்ட், குழாய், ஆணி அடித்த ஓட்டை என்று அதிலிருந்து கழியும். ஒழுங்காக வைத்திருந்த வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே சாதாரணம்.

(அட்வான்ஸ் கையில் இருந்தும் வீடு கிடைக்காதவர்கள் கதை வேறு. பெயரைக் கேட்டதும் "இப்பதான் ஒருத்தர் டோக்கன் குடுத்துட்டுப் போனார்" என்று திருப்பி அனுப்பப்படும் முஸ்லிம் நண்பர்கள் எனக்கு உண்டு. "சொந்த ஊர் எது, ஊர்ல எந்தத் தெரு" என்று சுற்றி வளைத்து சாதிக்கு வருகிற ஓனரையும் பார்த்திருக்கிறேன். அதை இதற்குள் அடைத்தால் இரண்டுக்கும் நியாயம் செய்ததாகாது, தனியாக எழுதுகிறேன்.)

இப்போது ஓனர் பக்கம். பத்து மாதம் என்ற வழக்கம் பேராசையால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அதன் கீழ், வந்து உட்கார்ந்த குடித்தனக்காரரைக் கிளப்ப வேண்டுமென்றால் கோர்ட்டுக்குப் போய், சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். அப்பீல், ரிவிஷன் என்று வருஷக்கணக்கில் இழுக்கும். ஜார்ஜ் டவுனிலும் மயிலாப்பூரிலும் பழைய கட்டடங்களில் அற்ப வாடகைக்குத் தலைமுறையாக இருந்தவர்கள் கதையைக் கேட்டு வளர்ந்த ஓனர், "எதற்கும் பத்து மாசம் கையில் இருக்கட்டும்" என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை. கோர்ட் நடந்து முடிகிற வரைக்கும் அவருக்கு இருந்த ஒரே காப்பு அது என்பது என் கணிப்பு.

ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது பழையது போய்விட்டது. வாடகை எவ்வளவு என்பது இப்போது இரண்டு பேரும் பேசி எழுதிக்கொள்வது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் ஓனர் வீட்டைத் திரும்பக் கேட்க முடியும். பழைய கட்டுப்பாட்டின் கீழ் ஓனருக்குக் கிடைக்காத இரண்டும் கிடைத்துவிட்டன. பதிலுக்கு அதே சட்டம் குடித்தனக்காரருக்கும் சிலவற்றைக் கொடுத்திருக்கிறது. அட்வான்ஸுக்கு அளவு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ கட் பண்ணி ஆளை வெளியேற்றக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

பயம் போன பிறகும் பத்து மாதம் மட்டும் ஏன் போகவில்லை? சட்டத்திலேயே ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். மூன்று மாதம்தான், ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் சரி. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிறவன் எதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டான்? 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது, அதுவும் மாநிலங்கள் எடுத்துக்கொண்டால்தான். இதற்கிடையில், ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற பழைய விதிக்குப் பயந்து பிறந்த 11 மாத அக்ரிமென்ட், எல்லா வாடகையையும் பதியச் சொல்லும் சட்டம் வந்த பிறகும் சாதாரண முத்திரைப் பத்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவைப் பற்றிப் பேச்செடுத்தால் "டாக்ஸ் வந்துடுமே சார்" என்பதுதான் பதில்.

குடித்தனக்காரர்கள் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. அட்வான்ஸ் திரும்பாது என்று தெரிந்ததும் நம் ஆட்கள் கற்றுக்கொண்ட வித்தை, கடைசி நாலைந்து மாதம் வாடகை கட்டாமல் "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பது. பென்ஷன் குறைவாக வருகிற, கீழ் போர்ஷன் வாடகையில் மருந்து வாங்குகிற ரிட்டயர்டு மனிதருக்கு அது எவ்வளவு பெரிய அடி! பாக்கி கரண்ட் பில்லோடு ராத்திரியில் காலி செய்தவர்களும் உண்டு. அப்படி ஒருவரிடம் சூடுபட்ட ஓனர் அடுத்தவரிடம் பன்னிரண்டு மாதம் கேட்கிறார். அதைக் கொடுத்தவர் முதல் நாளே கழிக்கத் தயாராகிறார்.

எனவே ஓனரிடம் நியாயம் பேசுவதை விட்டுவிட்டுக் கணக்கு பேசலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் அக்ரிமென்ட் புதுப்பிக்கும் நேரம் இது. நான் வைத்திருக்கும் யோசனை: அட்வான்ஸை மூன்று மாதமாகக் குறையுங்கள், வாடகையில் மாதம் 800 ரூபாய் கூட்டித் தருகிறேன். ஏழு மாத அட்வான்ஸ், அதாவது 1,40,000 ரூபாய், எனக்கு வங்கியில் தரும் வட்டி ஏறத்தாழ அவ்வளவுதான். அவருக்குக் கையில் வருமானம், எனக்கு என் முதல். மொத்தமாகத் திருப்ப முடியாதென்றால் மாதாமாதம் வாடகையில் பாதி கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். ஓனர் வீட்டம்மா உடனே கணக்குப் போட்டுப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். ஓனர் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆடி போகட்டும் தம்பி, பேசுவோம்" என்றிருக்கிறார். ஆடியில் நான் வீடு மாறமாட்டேன் என்று அவருக்கும் தெரியும்.