பஞ்சர் கடையில் கேட்டுப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பிள்ளையார்பட்டி கோயில் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய கலர் பனியன், கையில் டீ கிளாஸ், பின்னால் வரிசையாகக் கியர் சைக்கிள்கள். "நம்ம காரைக்குடியில் சைக்கிள் காலம் திரும்பிவிட்டது" என்று கீழே ஒரு வரி. ஏகப்பட்ட கைதட்டல். நானும் ஒன்று தட்டினேன். தட்டிய பிறகுதான் யோசித்தேன். நிஜமாகவே திரும்பிவிட்டதா?

படத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் எனக்குப் பழக்கம். அவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. விடியுமுன் எழுந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவது சும்மா காரியம் இல்லை. என்னால் முடியாது. என் சந்தேகம் வேறு. இவர்கள் புதிதாகச் சேர்ந்தது நம் கண்ணில் பட்டுவிட்டது. காணாமல் போனவர்களை யார் கணக்கு எடுத்தார்கள்?

எண்பதுகளில் காலை நேரத்தில் செக்காலை ரோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் சைக்கிள் கூட்டத்துக்கு வழிவிட்டுத்தான் தாண்டணும். கேரியரில் டிபன் தூக்கு, ஹேண்டில்பாரில் மஞ்சப்பை. சினிமாக் கொட்டகை ஸ்டாண்டில் ஓரத்து வண்டி ஒன்று சரிந்தால் அந்த வரிசை முழுக்கச் சரியும். எங்கள் தெரு வாடகை சைக்கிள் கடையில் மணிக்கு ஐம்பது காசு. அப்பா பெயரும் தெருப் பெயரும் நோட்டில் ஏறினால்தான் வண்டி கிடைக்கும். குரங்குப் பெடல் போட்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். அன்றைக்குச் சைக்கிள் ஓட்டுவதை யாரும் படம் எடுக்கவில்லை. செருப்புப் போட்டு நடப்பதைப் படம் எடுப்போமா?

சரி, என் கதைக்கு வருகிறேன். 2020 ஊரடங்கில் நாடு முழுக்கச் சைக்கிள் விற்பனை எகிறியதே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். கடையில் சொல்லிவைத்து, காத்திருந்து, ஒரு கியர் வண்டி வாங்கினேன். மூன்று மாதம் தினமும் கோட்டையூர் வரை போய் வந்தேன். அப்புறம் வாரத்துக்கு ஒருநாள் ஆனது. அப்புறம் வண்டி மாடிப்படிக்கு அடியில் போய்விட்டது. அதன் ஹேண்டில்பாரில் இப்போது என் மனைவி துண்டு காயப்போடுகிறார்.

படம் பார்த்த வேகத்தில் மறுநாளே அதைத் துடைத்து, வழக்கமான சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். தண்ணீர் வாளியில் ட்யூபை முக்கி, குமிழி வரும் இடத்தைக் கட்டை விரலால் பிடித்தபடி, "கியர் வண்டி ஜாஸ்தியாத்தான் ஆகியிருக்குண்ணே" என்றார். "ஆனா அது வருசத்துக்கு ஒருதரம் வரும். காத்தடிச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு அனுப்புவேன். புதுவயல் மில்லுக்குப் போறவுக வண்டி அப்படியா? வாரத்துக்கு ரெண்டு தரம் வரும். கோட்டம் எடுக்கணும், பால்ரஸ் மாத்தணும், கருவேல முள்ளு குத்தியிருக்கும். அந்த முள்ளுதாண்ணே எனக்குச் சோறு போட்டுச்சு. இப்ப அவுகல்லாம் எக்ஸெல் வண்டிக்குப் போயிட்டாக."

பேசிக்கொண்டே என் வண்டியின் பின் டயரில் விரலை ஓட்டினார். புது டயரில் சின்னச் சின்னதாக ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, அது ஓரங்களில் இன்னும் உதிராமல் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேச்சை மாற்றினேன்.

எத்தனை சைக்கிள் விற்றது என்று கேட்டால் ஒரு பதில் வரும், எத்தனை டயர் தேய்ந்தது என்று கேட்டால் வேறு பதில் வரும் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. வீட்டில் இருந்தது, அவ்வளவுதான். என் வீட்டிலும்தான் இருக்கிறது. நம் அரசு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்த திட்டம். எவ்வளவோ பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைத்த நல்ல திட்டம்தான். ஆனால் பிளஸ் டூ முடிந்ததும் அந்தப் பிள்ளை கல்லூரிப் பேருந்தில் ஏறிவிடுகிறது. வண்டி அப்பாவின் பால் வியாபாரத்துக்குப் போகிறது, இல்லையென்றால் பழைய இரும்புக்கு.

என் அத்தை ராயவரத்தில் இருக்கிறார். செட்டிநாட்டு ஊர்தான், மாவட்டம் புதுக்கோட்டை. 1991-ல் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், நடுவில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அத்தையும் அப்படித்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன் பாரில் மகனை உட்கார வைத்துத் திருமயம் வரை போயிருக்கிறார். சைக்கிள் வளர்ந்தது என்று சொன்னால் அதைத்தான் சொல்வேன். சைக்கிளால் அத்தைக்குப் போகாத இடத்துக்குப் போக முடிந்தது.

"இப்ப ஏன் அத்தை ஓட்டுறதில்ல?" என்று கேட்டேன். "பஸ்ல காசு இல்லடா இப்ப. வெயில்ல எதுக்கு மிதிக்கணும்?" என்றார். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். சைக்கிள் குறைந்தாலே ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

கானாடுகாத்தான் பக்கம் மார்கழி, தை மாதத்தில் வேறு காட்சி. பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் வாடகைச் சைக்கிளில் தெருத் தெருவாகச் சுற்றுகிறார்கள். ஒருநாள் பார்த்தேன், வெள்ளைக்காரத் தம்பதி சைக்கிளில் வருகிறது, வழிகாட்டும் நம் பையன் முன்னால் பைக்கை உறுமவிட்டுப் போகிறான். பக்கத்து ஊர் பள்ளத்தூர். 1949-ல் நிறுவனம் தொடங்கி, ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று நாடே மிதித்த சைக்கிள்களை அம்பத்தூரில் செய்த முருகப்பா குழுமத்தின் குடும்பத்துக்குச் சொந்த ஊர். சைக்கிளை ஊருக்கெல்லாம் கொடுத்த மண்ணில் சைக்கிளை வேடிக்கை பார்க்கிறோம்.

இங்கே தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. நம் ஊர்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. மேடும் இல்லை. காரைக்குடியிலிருந்து கோட்டையூர் நிதானமாக மிதித்தாலே அரை மணி நேரம். வெயில் ஒரு காரணம், நெடுஞ்சாலையில் உரசிக்கொண்டு போகும் லாரி இன்னொன்று. மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அது கௌரவம். "மாப்பிள்ளை சைக்கிள்ல வேலைக்குப் போறாரு" என்று பெண் வீட்டில் சொல்லிப் பாருங்கள், காபியோடு அனுப்பிவிடுவார்கள். அதே மாப்பிள்ளை நாற்பதாயிரம் ரூபாய் வண்டியில் ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடி போனால் "உடம்பை நல்லா வச்சிருக்காரு" என்பார்கள். வசதி இருப்பவன் மிதித்தால் உடற்பயிற்சி, இல்லாதவன் மிதித்தால் இல்லாமை. நாம் வளர்ந்தது என்று கொண்டாடுவது முதல் வகையை மட்டும்தான்.

அதனால் என் முடிவு இதுதான். சைக்கிள் வாங்குவது கூடியிருக்கிறது, சைக்கிளில் போவது குறைந்திருக்கிறது. இல்லை என்பவர்கள் வாரநாளில் காலை எட்டு மணிக்கு வாருங்கள். செக்காலை ரோட்டில் டீக்கடை வாசலில் உட்கார்ந்து சேர்ந்தே எண்ணுவோம். பூக்கூடை கட்டிய வண்டி, சாந்துச் சட்டி தொங்கும் கொத்தனார் வண்டி, பால் கேன் வண்டி எல்லாவற்றையும் எண்ணணும். டீ என் செலவு. நான் பைக்கில் வரமாட்டேன், சைக்கிளில்தான் வருவேன். பின் டயரில் அந்த முடி உதிரணும் இல்லையா.