மடங்கும் திரையும் கல்யாணப் பத்திரிகையும்

சத்துவாச்சாரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டி.டி.பி. கடை (அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கணினியில் வடிவமைக்கும் கடை) நடத்தி வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி என்று வேலூரைச் சுற்றியுள்ள குடும்பங்களின் நல்லதும் கெட்டதும் என் கணினித் திரையைக் கடந்துதான் அச்சகத்துக்குப் போகின்றன. ஆகவே ஒரு திரை எப்படி இருக்க வேண்டும், அதற்குள் இருக்கும் இயங்குதளம் (விண்டோஸ் போல, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது என் பிழைப்போடு ஒட்டிய கேள்வி.

என்னிடம் நெடுங்காலமாக வேலை கொடுத்து வரும் ஒரு குடும்பத்தின் பிள்ளை, வெளிநாட்டில் பணியாற்றுபவர், தங்கையின் திருமணத்துக்காகச் சென்ற வாரம் ஊருக்கு வந்திருந்தார். அழைப்பிதழ் பேச வந்தவர், திரை மடங்கும் கணினி ஒன்றை என் மேசைமேல் விரித்துவைத்தார். மடித்தால் கனமான நோட்டுப் புத்தகம் அளவு. விரித்தால் 17 அங்குலம், முழுவதும் திரை. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால்தான் நடுவில் மடிப்பின் கோடு லேசாகத் தெரிந்தது. லேப்டாப்புக்கு நாம் ‘மடிக்கணினி’ என்று பெயர் வைத்தபோது மடியில் வைப்பதை மனத்தில் வைத்துச் சொன்னோம்; இப்போது அந்தச் சொல்லின் இன்னொரு பொருளுக்கும் உரிய கருவி வந்துவிட்டது.

கீழ்ப்பாதியின் மேல் அதற்குரிய கீபோர்டை வைத்தார். மேல்பாதி மட்டும் திரையாக நின்றது, சாதாரண லேப்டாப்பில் வேலை செய்வதுபோலவே இருந்தது. பிறகு கீபோர்டை எடுத்துவிட்டு மேசைமேல் தட்டையாகப் படுக்கவைத்து, நான் அனுப்பியிருந்த மாதிரியைத் திறந்தார். அவருடைய தந்தை, தாய், சித்தப்பா மூவரும் மேசையைச் சுற்றி நின்று குனிந்தார்கள். “இந்த இடத்துல தாத்தா பேரு வரணும் தம்பி” என்று சித்தப்பா விரலைத் திரையிலேயே வைத்துக் காட்டினார். என் கடையில் மானிட்டரைத் திருப்பித் திருப்பிக் காட்டி எனக்குக் கழுத்து வலித்த நாள்கள் எத்தனையோ. பத்திரிகை படிப்பவர்கள் எல்லோரும் விரல் வைத்துத்தான் படிப்பார்கள், அதுவே இயல்பு. அந்த இயல்புக்கு ஏற்ற திரையை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் சித்தப்பா சொன்ன திருத்தத்தைச் செய்வதற்கு அந்தப் பிள்ளை விரலால் முயன்றபோது நிலைமை மாறியது. எழுத்துப் பெட்டியின் மூலையில் இருக்கும் கடுகளவுச் சதுரத்தைப் பிடிக்க வேண்டும். மூன்று முறை தொட்டார். மூன்று முறையும் பக்கத்தில் இருந்த மயில் படம்தான் அசைந்தது. கடைசியில் கீபோர்டை மறுபடியும் எடுத்து வைத்து, அதில் உள்ள டச்பேடால் திருத்தினார்.

இதே இடத்தில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன், திரையை முழுவதும் பின்னால் திருப்பி டேப்லெட் போலப் பிடிக்கக்கூடிய தொடுதிரை லேப்டாப் ஒன்றை வாங்கினேன். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் கையில் அதைக் கொடுத்து, பெயர்களைச் சரிபார்க்கச் சொன்னேன். வரிவரியாக விரல் வைத்து நிதானமாகப் படித்தார். அடுத்த பகுதியைப் பார்ப்பதற்காக விரலை மேலே இழுத்தபோது பக்கம் நகரவில்லை. முகூர்த்த நேரம் இருந்த சிறு பெட்டி மட்டும் நகர்ந்து பிள்ளையார் படத்துக்கு அடியில் மறைந்துகொண்டது. அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. 500 பத்திரிகைகள் அச்சாகி வீட்டுக்குப் போய், ஓரங்களில் மஞ்சள் தடவும்போதுதான் அந்த வீட்டுப் பெண் ஒருவர் நேரம் எங்கே என்று கேட்டிருக்கிறார். அத்தனையும் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். பணம் போனதைவிட, மங்கல காரியத்தில் இப்படி நேர்ந்துவிட்டதே என்று அந்தப் பெரியவர் முகம் வாடியதுதான் இன்றும் நினைவில் இருக்கிறது.

அவர் செய்தது தவறே இல்லை. விரலை இழுத்தால் பக்கம் நகரும் என்பது செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் பழகிய ஒன்று. மவுஸைப் பிடித்து இழுத்தால் பொருள் நகரும் என்பது டெஸ்க்டாப் மென்பொருளின் பழக்கம். ஒரே அசைவுக்கு இங்கே ஒரு பொருள், அங்கே ஒரு பொருள். இரண்டு உலகங்களையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிட்டால், எந்தப் பொருளில் அந்த அசைவு செய்யப்பட்டது என்பது கணினிக்கும் தெரிவதில்லை, செய்தவருக்கும் தெரிவதில்லை.

எனவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மடங்கும் கணினிகளில் டேப்லெட் இயங்குதளத்தையும் டெஸ்க்டாப் இயங்குதளத்தையும் கலந்து ஒரே முகமாக ஆக்கக் கூடாது. அடியில் இருக்கும் கோப்பும், எழுத்துருவும், மென்பொருளும், விசைப்பலகை அமைப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும்; மேலே தெரியும் முகம் மட்டும் எந்தக் கை, எந்தக் கருவி வருகிறதோ அதற்கு ஏற்ப மாற வேண்டும்; மாறுகிறது என்பது பயன்படுத்துபவருக்குக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

விரலும் மவுஸும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மவுஸின் முனை ஒரு புள்ளியைத் துல்லியமாகக் குறிக்கும். விரல் நுனியோ ஒரு சென்டிமீட்டர் அகலத்தை மறைத்துக்கொண்டுதான் தொடும். ஆண்ட்ராய்டு செயலிகளில் தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று கூகுள் பரிந்துரைப்பது இதனால்தான். மவுஸை அழுத்தாமலேயே ஒன்றின் மேல் நிறுத்தி அது என்ன என்று தெரிந்துகொள்ளலாம்; விரலுக்கு அந்த வசதி இல்லை, தொட்டால் தொட்டதுதான். எல்லா பட்டன்களையும் விரலுக்காகப் பெரிதாக்கினால் மெனுவே பாதித் திரையை விழுங்கிவிடும். மவுஸுக்காகச் சிறிதாக்கினால் முகூர்த்த நேரம் பிள்ளையாருக்கு அடியில் போகும்.

கலந்து பார்த்தவர்களின் அனுபவமும் நம் கண்முன் இருக்கிறது. 2012 அக்டோபரில் மைக்ரோசாப்ட் விண்டோஸ் 8-ஐ வெளியிட்டபோது, மவுஸும் கீபோர்டும் மட்டுமே உள்ள கணினிகளிலும் ஸ்டார்ட் பட்டனை எடுத்துவிட்டு, விரலுக்கான பெரிய கட்டங்களை முதல் திரையாக வைத்தது. ஷட் டவுன் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வாடிக்கையாளர்கள் என் கடைக்கு வந்த காலம் அது. மறு ஆண்டே 8.1 பதிப்பில் அந்தப் பட்டன் திரும்பி வந்தது. அதே 2012-இல் வந்த விண்டோஸ் ஆர்டி இன்னும் பெரிய பாடம்: டெஸ்க்டாப் போலவே தோற்றம் காட்டியது, ஆனால் நம்மிடம் இருந்த பழைய மென்பொருள் எதையும் நிறுவ விடவில்லை. அது இருந்த சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட்டுகளுக்காக 2013-இல் 90 கோடி டாலரை அந்நிறுவனம் நட்டக் கணக்கில் எழுதியது. இரட்டைத் திரைக் கருவிகளுக்கென்று 2019-இல் அறிவிக்கப்பட்ட விண்டோஸ் 10எக்ஸ், 2021-இல் வெளிவராமலேயே கைவிடப்பட்டது. போன், டேப்லெட், கணினி எல்லாவற்றுக்கும் ஒரே முகம் என்று உபுண்டு என்னும் இயங்குதளம் எடுத்த முயற்சியும் 2017-இல் நின்றது.

ஆப்பிள் எதிர்த் திசையில் நின்றது. டோஸ்டரையும் பிரிட்ஜையும் சேர்க்க முடியும், ஆனால் அது வாங்குபவருக்குப் பிடிக்காது என்னும் பொருள்பட அந்நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் 2012-இல் பேசினார். ஐபேட் டேப்லெட்டையும் மேக் கணினியையும் தனித்தனியாகவே வைத்திருப்போம் என்றார்கள். அந்த உறுதியில் நியாயம் உண்டு; ஆனாலும் அதே ஐபேடுக்கு 2020-இல் டச்பேட் வசதி வந்தது, 2022-இல் சில மாடல்களுக்கு அளவு மாற்றக்கூடிய விண்டோக்களும், 2025-இல் மேலே மெனு வரிசையும் வந்துவிட்டன. இரண்டு கருவி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது விற்பவருக்கு எளிது. என்னைப் போல ஒரே மேசையில் வாடிக்கையாளரின் விரலையும் என் மவுஸையும் வைத்துப் பிழைப்பவர்களுக்கு அது விடையாகாது.

திரை மடங்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சாதாரண டேப்லெட்டுக்கு ஒரே தோற்றம்தான். மடங்கும் கணினியோ தட்டையாகக் கிடக்கும், புத்தகம்போலப் பாதி விரியும், லேப்டாப் போல நிற்கும், கீபோர்டைத் தள்ளி வைத்தால் பெரிய மானிட்டராக நிமிரும். லெனோவோவின் முதல் திங்க்பேட் எக்ஸ்1 ஃபோல்டு வந்தபோது, திரையை இரண்டாகப் பிரித்துக்கொள்வதற்கு அந்த நிறுவனமே தனியாக ஒரு மென்பொருளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அடியில் இருந்த விண்டோஸின் முகம் மடிப்பை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டதல்ல. 2023-இல் எச்பி 17 அங்குல மடங்கும் கணினியை 4,999 டாலருக்குக் கொண்டுவந்தபோதும் உள்ளே இருந்தது வழக்கமான விண்டோஸ்தான். 2025-இல் ஹூவாவே 18 அங்குல மேட்புக் ஃபோல்டைத் தன் சொந்த ஹார்மனி இயங்குதளத்துடன் வெளியிட்டது. கருவியையும் இயங்குதளத்தையும் ஒருவரே செய்யும்போது மடிப்பை மனத்தில் வைத்து முகத்தை அமைக்கலாம் என்பதால், திசை சரியானது என்று நினைக்கிறேன்.

ஆயினும் மடிப்பின் கோணத்தை மட்டும் பார்த்து முகத்தை மாற்றிவிடுவதும் போதாது. அன்று என் மேசையில் திரை தட்டையாகத்தான் கிடந்தது. சித்தப்பாவின் விரல் மேல்பாதியில் இருந்தது. ஆனால் அவர் காட்டிய இடத்தைத் திருத்துவதற்கு மவுஸ் வேண்டியிருந்தது. நான் கேட்பது இதுதான்: மேல்பாதியில் பத்திரிகை படிப்பதற்கு மட்டும், தொட்டால் குறி விழும், எதுவும் நகராது. கீழ்ப்பாதியில் அதே கோப்பு முழு மெனுக்களுடன் என் கைக்கு. ஒரே நேரத்தில் இரண்டு முகம், நடுவே மடிப்பு எல்லையாக. இப்படி ஒன்று அமைந்திருந்தால் அணைக்கட்டுப் பெரியவர் எவ்வளவு இழுத்தாலும் நேரம் தன் இடத்திலேயே இருந்திருக்கும்.

அடித்தளம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு நம் மொழிகளும் காரணம். யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீட்டு முறை) பரவுவதற்கு முன் செய்த பழைய கோப்புகள் என்னிடம் ஆயிரக்கணக்கில் உள்ளன. பழைய தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் திறக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரே அட்டையில் தமிழும் ஆங்கிலமும் வலமிருந்து இடமாக எழுதும் உருதுவும் வேண்டும். அந்த உருதுவை இன்பேஜ் என்னும் விண்டோஸ் மென்பொருளில்தான் அடிக்கிறேன். டேப்லெட் முகத்துக்கு மாறிய உடனே ஆப் ஸ்டோரில் கிடைக்கும் செயலி மட்டும்தான் என்று பூட்டுப் போட்டால், இந்த வேலைகள் அத்தனையும் வாசலிலேயே நின்றுவிடும். இரண்டையும் இணைக்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்லும்போது, டேப்லெட்டின் எளிமை டெஸ்க்டாப்புக்கு வருகிறதா, டேப்லெட்டின் பூட்டு வருகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

விசைப்பலகையும் அப்படித்தான். தமிழ் தட்டச்சு ஹையர் தேர்ச்சி பெற்ற அம்மா ஒருவர் என் கடையில் வேலை செய்கிறார். கையெழுத்துப் பிரதியில் கண் வைத்தால், விசைகளைப் பார்க்காமலேயே பக்கம் முழுவதும் அடித்து முடிப்பார். அந்தப் பிள்ளையின் கணினியில் கீழ்ப்பாதியில் தெரிந்த கண்ணாடிக் கீபோர்டில் அவரை அடித்துப் பார்க்கச் சொன்னோம். விரல் நின்று தடவிப் பார்க்க மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒரு வரிக்குள் நான்கு முறை கீழே குனிந்து பார்த்தார். அதுவும் அவருக்குப் பழகிய தட்டச்சு முறை அதில் இல்லை, வேறு தமிழ் அமைப்புதான் இருந்தது. நிஜக் கீபோர்டில் ஓர் அமைப்பு, கண்ணாடியில் வேறு அமைப்பு என்று இருக்கவே கூடாது. தமிழ்99 என்னும் விசை அமைப்பு என்றால் இரண்டிலும் தமிழ்99, தட்டச்சு முறை என்றால் இரண்டிலும் அதுவே.

இந்தக் கணினிகளின் இன்றைய விலையில் நான் ஒன்றை வாங்கப் போவதில்லை. ஆனால் விலை இறங்கும், வைகாசி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அடிக்க வரும் குடும்பங்கள் இன்னும் சில ஆண்டுகளில் இதைச் சாதாரணமாகக் கையில் கொண்டுவருவார்கள். அதற்குள் இயங்குதளம் செய்பவர்கள் முகத்தை எப்படி அமைப்பது என்று முடிவு செய்துவிடுவார்கள். குடியாத்தம், ஆரணி, இராணிப்பேட்டை பக்கம் டி.டி.பி., அச்சகம், ஸ்டுடியோ நடத்தும் நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் வேலையில் எதை வாடிக்கையாளரின் விரலுக்கு விடுவீர்கள், எதை உங்கள் மவுஸுக்கு மட்டும் வைத்துக்கொள்வீர்கள் என்று கீழே எழுதுங்கள். என் பட்டியலில் முதலாவது, முகூர்த்த நேரம் இருக்கும் பெட்டி. அது யார் விரலுக்கும் நகரக் கூடாது.