இலங்கையின் தலைமன்னாருக்கு ரயில் கடல்மேல் ஓடியதா?

“1964 புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து கடல் பாலம் வழியாக ரயில் தலைமன்னார் போனது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. பாலம் இருந்தது பாம்பனில்தான்; 1914-இல் திறந்தது. தனுஷ்கோடியில் இறங்கி, பெட்டி படுக்கையோடு கப்பலேறி, தலைமன்னார் துறையில் வேறு ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. நடுவில் பாலமே இருந்திருந்தாலும் பயனில்லை: அப்போது இந்தப் பக்கம் 1,000 மி.மீ. மீட்டர் கேஜ், அந்தப் பக்கம் 1,676 மி.மீ. அகலப் பாதை. சக்கரமே தண்டவாளத்தில் உட்காராது.

புயலோடு எல்லாம் முடியவும் இல்லை. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 1980-களின் முற்பகுதி வரை கப்பல் ஓடியது. தலைமன்னார் நிலையத்தை முடக்கியது இலங்கை உள்நாட்டுப் போர், 1990-இல். மதவாச்சியிலிருந்து பாதையைப் புதிதாகப் போட்டு, 2015 மார்ச் 14-இல் துறை நிலையத்தை மீண்டும் திறந்தார்கள். அன்று திரும்பியது ரயில் மட்டும், கப்பல் அல்ல.