கோடா, பூஜ்யமா?

இன்டர்னல் மார்க் அனுப்பும் வாரம் வந்தால் எங்கள் துறையில் என் மேஜை முன்னால் ஆள் நிற்காத நேரமே கிடையாது. நான் நடத்துவது இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை. ஆன்லைனில் டெஸ்ட் வைக்கவும் மார்க் போடவும் எங்கள் கல்லூரி வைத்திருக்கும் மூடுல் என்ற சாஃப்ட்வேர் கொஞ்சம் தெரியும் என்று எப்போதோ வாயைத் திறந்த பாவம், இப்போது எல்லோருக்கும் நான்தான் ஹெல்ப்லைன். வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மேடம், சாஃப்ட்வேர் மார்க்கைத் தப்பா போடுது."

சாஃப்ட்வேர் கூட்டலில் தப்பு செய்து நான் இதுவரை பார்த்ததில்லை. நாம் உட்கார்ந்து பேசி எடுத்திருக்க வேண்டிய முடிவை எடுக்காமல் விட்டுவிடுகிறோம், அது தன்னிடம் முன்கூட்டியே இருக்கும் அமைப்பை, அதாவது டீஃபால்ட்டை வைத்து முடிவெடுத்துவிடுகிறது. அப்புறம் அதையே திட்டுகிறோம்.

கிரேடுபுக்கில், அதாவது மூடுலின் மார்க் பட்டியலில், ஒரு மாணவருக்கு நேராக மார்க்குக்குப் பதில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. அது ஆப்சென்ட்டா, இன்னும் திருத்தவில்லையா, டெஸ்ட்டே இன்னும் நடக்கவில்லையா? மூடுலுக்குத் தெரியாது. காலியான மார்க்கைக் கணக்கில் சேர்க்காதே என்று ஒரு டிக் அதில் முதலிலேயே போட்டு வருகிறது. சராசரி முறையில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு பெண் மூன்று டெஸ்ட்டும் எழுதி ஐம்பதுக்கு 45, 30, 30 வாங்குகிறாள், சராசரி 70 சதவீதம். பக்கத்து பெஞ்சுப் பையன் முதல் டெஸ்ட்டில் 45 வாங்கிவிட்டு மற்ற இரண்டுக்கும் வரவே இல்லை, அவனுக்கு 90 சதவீதம். இதைத்தான் "சாஃப்ட்வேர் தப்பா போடுது" என்று எடுத்து வருகிறார்கள்.

அந்த டிக் முட்டாள்தனமானதும் இல்லை. பருவத்தின் நடுவில் அது இல்லாவிட்டால் இன்னும் நடக்காத டெஸ்ட்டுகள் எல்லாம் பூஜ்யமாகச் சேர்ந்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே தங்கள் மொத்தத்தைப் பார்த்துப் பதறிப்போவார்கள். பருவ முடிவில் ஒரு ஆள் உட்கார்ந்து, வராதவர்களுக்குப் பூஜ்யம் போட வேண்டும். சரி, யாருக்குப் பூஜ்யம்? என்.சி.சி. கேம்ப்புக்கு ஓ.டி.யில் (ஆன் டியூட்டி, கல்லூரி அனுமதியோடு) போனவனுக்கா? டெங்குவில் படுத்தவளுக்கா? அவர்களுக்கு மறுதேர்வா, இருக்கிற மார்க்கின் சராசரியா? இது துறை முடிவு செய்ய வேண்டிய விஷயம். எங்கள் துறையில் யாரும் முடிவு செய்யவில்லை. அதனால் ஏ செக்ஷனில் ஒரு நியாயம், பி செக்ஷனில் வேறொரு நியாயம். ஒரே பாடம், ஒரே வினாத்தாள்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கிரேடுபுக்கில் நேரடியாகப் பூஜ்யம் தட்டினால் அந்தக் கட்டம் ஓவர்ரைடு ஆகிவிடும். பிறகு அந்தப் பையன் மறுதேர்வு எழுதி 38 வாங்கினாலும் குவிஸ் (மூடுலில் ஆன்லைன் டெஸ்ட்டுக்கு அதுதான் பெயர்) பக்கத்தில் 38 இருக்கும், கிரேடுபுக்கில் பூஜ்யம் அசையாது. ஓவர்ரைடு டிக்கை எடுத்தால்தான் புது மார்க் வந்து உட்காரும். என் மேஜைக்கு வரும் புகாரில் பெரும்பாதி இதுதான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது மார்க் விஷயத்தில் இல்லை, "சப்மிட் பண்ணேன் மேம்" என்று நிற்கும் பிள்ளையைப் பொய் சொல்கிறாய் என்று ஆசிரியர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லும்போதுதான். அப்படி ஒரு மாணவியின் லாகை, அதாவது யார் எப்போது என்ன செய்தார்கள் என்று மூடுல் எழுதி வைக்கும் பதிவை, நான் திறந்து பார்த்தேன். 18-வது கேள்வி வரை ஒவ்வொரு நிமிடமும் விடை தானாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, அதன் பிறகு ஒன்றுமே இல்லை. இணைப்பு போய்விட்டது, அவளுடைய திரையில் மட்டும் பக்கம் அப்படியே நின்றிருக்கிறது. நேரம் முடிந்ததும் திறந்திருக்கும் தாள்களை சர்வரே வாங்கி மூட வேண்டும். அந்த வேலையைச் செய்வது கிரான் என்ற பின்னணி வேலை, அது எங்கள் சர்வரில் ஓடாமல் கிடந்திருக்கிறது. அதனால் அவள் தாள் இன்னும் 'எழுதிக்கொண்டிருக்கிறார்' நிலையிலேயே இருந்தது, கிரேடுபுக்கில் கோடு. பதினெட்டு விடையும் உள்ளே பத்திரமாக இருந்தன. லாக் எப்போதும் மாணவர் பக்கமே பேசும் என்று சொல்ல மாட்டேன், எதிராகவும் பேசியிருக்கிறது. எதுவானாலும் முதலில் அதைத் திறந்து பாருங்கள், பிறகு வாயைத் திறக்கலாம்.

குவிஸ் செட்டிங்கில் 'நேரம் முடிந்தால்' என்ற இடத்தையும் பாருங்கள். நேரத்துக்குள் சப்மிட் செய்யாத தாளைக் கணக்கிலேயே எடுக்காதே என்று ஒரு தேர்வு அங்கே இருக்கிறது. நம் ஊர் ஹாஸ்டல் வைஃபையை வைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுப்பது அநியாயம்.

எங்கள் பாடத்துக்கே உரிய கொடுமை ஒன்று உண்டு. எண் விடைக் கேள்வியில் பிழைவரம்புக் கட்டம் பூஜ்யமாகவே வருகிறது. விடை 9.81 என்று கொடுத்துவிட்டு அப்படியே விட்டால் 9.8 எழுதியவன் ஃபெயில். லேபில் பிழைவரம்பு எழுதாத ரெக்கார்டில் கையெழுத்தே போட மாட்டேன் என்கிற அதே ஆட்கள் இங்கே அந்தக் கட்டத்தைத் தொடுவதில்லை! பிறகு திருத்தினாலும் ரீகிரேட் (மறுபடி மார்க் போடு) அழுத்தினால்தான் ஏற்கனவே எழுதியவர்களின் மார்க் மாறும். நேர மண்டலமும் அப்படித்தான். அது உலகப் பொது நேரத்தில் இருந்தால், காலை 10 மணி என்று நீங்கள் போட்ட தேர்வு மாலை 3.30-க்குத் திறக்கும்.

எக்ஸெல் தனி ரகம். பன்னிரண்டு இலக்க ரெஜிஸ்டர் நம்பர் உள்ள சி.எஸ்.வி. மார்க் பட்டியல் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் 9.53E+11 என்று காட்டும். அதைப் பார்த்து பயந்து சேவ் செய்து மூடினால் முடிந்தது கதை, வகுப்பு முழுவதுக்கும் ஒரே நம்பர். டேட்டா மெனுவில் போய் இம்போர்ட் செய்து, அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறிக்க வேண்டும். சில மரபணுக்களின் பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றித் தொலைத்ததால் 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள். பல்கலைக்கழகம் நமக்காக ரெஜிஸ்டர் நம்பரை மாற்றப் போவதில்லை.

மூடுல் 2002-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்டது. திறந்த மூலம், காசு கிடையாது, அதனாலேயே நம் கல்லூரிகளில் சுலபமாக நுழைந்தது. கல்லூரிக்குத் தர மதிப்பீடு தரும் நாக் குழு வரும்போது எல்.எம்.எஸ். (இந்த மாதிரி கற்பித்தல் சாஃப்ட்வேர்) இருக்கிறது என்று ஸ்லைடில் காட்டலாம். ஆனால் கிரான் ஓடுகிறதா என்று தினம் பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அந்தப் பணி என்று ஒன்றே எங்களிடம் இல்லை. லேப் அசிஸ்டென்ட் தம்பி பிரின்டருக்கு டோனர் மாற்றும் நேரம் போக இதையும் பார்க்கிறார். நான் செலவழிக்கும் நேரம் பணிச்சுமைக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் வராது.

அடுத்த பருவம் தொடங்குமுன் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடுவோம் என்று துறைக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன்: ஆப்சென்ட்டுக்கு என்ன, ஓ.டி.க்கு என்ன, பூஜ்யம் யார் போடுவது, எந்தத் தேதியில். ஹெச்.ஓ.டி. "பார்க்கலாம் மேடம்" என்றிருக்கிறார், அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கல்லூரியில் இப்படி எழுதி வைத்திருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வேறு கல்லூரியில் செய்கிறார்கள் என்று காட்டினால்தான் இங்கே கோப்பு நகரும்.