நாற்காலியில் கிடக்கும் துணியைத் தயவுசெய்து மடிக்காதீர்கள்

நாற்காலியின் மேல் ஒரு துணி கிடந்தால், கண்ட மாத்திரத்தில் அதை உதறி, மடித்து, பீரோவுக்குள் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பது என்று திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அத்தனை பேரும் சபதம் எடுத்திருக்கிறீர்களா? அது அப்படிக் கிடப்பதற்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று ஒருவருக்கேனும் தோன்றாதா? துணி மடிப்பு வரைந்து பழகியவர்கள் இதை வயிறெரிந்து படிக்கலாம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் வரைவதற்காக நாற்காலியில் போட்டது, வீரவநல்லூர்த் தறியில் நெய்த கனத்த பருத்தி வேட்டி. நாற்காலியின் முதுகில் ஒரு மூலையைக் குண்டூசியால் நிறுத்தி, மறு மூலையைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, ஊசி குத்திய இடத்திலிருந்து மடிப்புகள் விரிந்து, நடுவில் தொய்ந்து, இருக்கையில் மோதி ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும்படி அமைப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது. சன்னலைத் திறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று எல்லாவற்றையும் கலைத்துவிடும். சாத்தினால் வெளிச்சம் போய்விடும். ஆகவே ஒற்றைக் கதவை மட்டும் திறந்துவைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை தாளில் சொட்டாமலிருக்கக் கழுத்தில் துண்டோடு உட்கார்ந்து வரைந்தேன். தாளோ வெளியூரிலிருந்து வரவழைத்த, ஓவியம் வரைகிற பழுப்புத் தாள். உள்ளூர்க் கடையில் கேட்டதற்குப் பள்ளி நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் தாளை எடுத்து நீட்டினார்கள். அதன் வழவழப்பில் கரி ஒட்டுமா?

பழுப்புத் தாளின் சூட்சுமமே, தாளையும் வேலை செய்ய விடுவதுதான். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நிறத்தை அதுவே தந்துவிடும். நிழலுக்குக் கரி, மடிப்பின் ஆழமான பொந்துகளுக்குக் கான்டே என்கிற கெட்டியான வண்ணக் குச்சியில் கருப்பு, வெளிச்சம் நேராக விழும் முகடுகளுக்கு மட்டும் வெள்ளைக் கான்டே. வெள்ளையும் கரியும் ஒன்றையொன்று தொடவே கூடாது; தொட்டால் நீலம் பாரித்த சாம்பல் சகதியாகிவிடும். கரியையாவது அழிப்பானால் ஒற்றி எடுக்கலாம், கான்டேயை அழுத்திவிட்டால் அதுவும் நடவாது. இத்தனை பத்தியத்தோடு மேல்பகுதியை முடித்துவிட்டு, காப்பி குடிக்க அடுக்களைக்குப் போனேன். போயிருக்கவே கூடாது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருந்த அத்தை உள்ளே நுழைந்தாள். முதலில் குண்டூசியைப் பிடுங்கிப் பத்திரமாகத் தன் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். பிறகு வேட்டியை இரண்டு கைகளாலும் பிடித்து, தெருவுக்கே கேட்கும்படி உதறினாள். நடுப்பகுதியை மோவாயால் அழுத்திக்கொண்டு பாதியாக மடித்தாள், பாதியைப் பாதியாக்கினாள், கட்டிலில் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி, நான் பாதி நாள் பாடுபட்டு உண்டாக்கிய ஒவ்வொரு சுருக்கத்தையும் தேடிப்பிடித்துச் சமாதி கட்டினாள். வாசலில் நான் காப்பித் தம்ளரோடு நின்றேன்.

“என்ன மருமவனே, நல்ல வேட்டிய இப்படியா போட்டு வைப்பாக? மடிச்சி வச்சிட்டேன்.”

“அத்தை, அதைத்தான் வரைஞ்சிக்கிட்டிருந்தேன்.”

“தேய்ச்ச வேட்டியா வரைஞ்சா என்ன? லெச்சணமா இருக்கும்லா. இங்க பாரு, தாளெல்லாம் ஒரே தூசியால்லா கெடக்கு.”

சொல்லிக்கொண்டே முந்தானையால் துடைத்தாள். அன்போடு, ஓரம் விடாமல், கண்ணாடி அலமாரியைத் துடைப்பதுபோல். கரியை நிலைநிறுத்தும் திரவம் இன்னும் தெளிக்கவில்லை. வெள்ளையும் கருப்பும் கைகோத்துக்கொண்டு தாள் முழுவதும் உலாப் போயின.

பிரான்சில் போர்க்காலத்தில் இங்கிலாந்துக் கிராஃபைட் கிடைக்காமல் போக, இருந்ததைக் களிமண்ணோடு கலந்து சுட்டு, 1795-இல் பென்சில் செய்ய வழி கண்டவர், என் குச்சிக்குப் பெயர் தந்த கான்டே. போரையே சமாளித்த அந்த மனிதர் எங்கள் அத்தையைச் சந்தித்ததில்லை. லியனார்டோ டாவின்சி துணி மடிப்பு வரைவதற்காகக் களிமண்ணில் தோய்த்த துணியைப் பொம்மைகளின் மேல் போர்த்திவைத்தார் என்று, இத்தாலிய ஓவியர்களின் வரலாறு எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். மடிப்பு அசையாதிருக்கச் செய்த உபாயம் என்பார்கள். அவருக்கும் ஓர் அத்தை இருந்திருப்பாள் என்பது என் கட்சி. தாமிரபரணிக் கரையில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே அந்தத் துணியைச் சவுக்காரம் போட்டு அலசி, கொடியில் காயப்போட்டு, மாலையில் இஸ்திரி வண்டிக்கும் அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை கலைந்த மடிப்பு மறுபடி அதே மாதிரி விழுவதில்லை என்று நான் விளக்கத் தொடங்கியபோது, அத்தை எனக்காக மனமிரங்கினாள்.

“வருத்தப்படாதய்யா. வேட்டிய வரையுததுக்கு என்னையவே வரைஞ்சிரு. பட்டுச் சேலைய ஒரு சுருக்கமில்லாமத் தேய்ச்சிக் கட்டிக்கிட்டு வந்து உக்காருதேன்.”