1305 படி ஏறினால் அது "சும்மா கோயிலுக்குப் போறது" தானாம்

முந்தாநாள் கமெண்டில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் போய்த் தேட வேண்டாம், கமெண்ட் போட்டவரே அழித்துவிட்டார். ஸ்க்ரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. போட மாட்டேன். நான் அவ்வளவு நல்லவள்.

நான் போட்டது ஒரே ஒரு படம். சோளிங்கரில் நரசிம்மர் கோயில் இருக்கிற பெரியமலை உச்சியில், முகமெல்லாம் வேர்வையோடு, தலை கலைந்து நிற்கிறேன். "ஜிம்முல மூணு மாசத்துல கிடைக்காதது இங்க ஒரு காலைல கிடைச்சுது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்: "மேடம், இதெல்லாம் ஒர்க்அவுட்டே கிடையாது. சும்மா கோயிலுக்குப் போறதை ஃபிட்னஸ்னு சொல்லி ஜனங்களைக் குழப்பாதீங்க." பக்கத்தில் சிரிக்கிற பொம்மை மூன்று. நாற்பது பேர் லைக். அதில் ஒருத்தன் என் சித்தி மகன். (டேய், பொங்கலுக்கு வீட்டுக்கு வருவே இல்ல, அப்போ பேசிக்கறேன்.)

சும்மா. அந்த ஒரு வார்த்தைதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

1305 படி. ஏறியாக வேண்டும், இறங்கியாக வேண்டும், ஆக 2610. எந்தப் படியும் இன்னொரு படியின் உயரத்தில் இல்லை. ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் கணுக்கால் ஒரு கணக்குப் போடுகிறது. ட்ரெட்மில்லில் அந்தக் கணக்கு கிடையாது, ரப்பர் பட்டை ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கும்போதுதான் நிஜமான பரீட்சை. தொடைத் தசை நீண்டபடியே முழு உடம்பின் பாரத்தையும் தாங்கிப் பிடிக்கிறது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பாத்ரூம் போக சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும், அது சும்மாவா இல்லையா என்று. நான் ஜிம்மைக் குறை சொல்லவில்லை. மலை ஏறுவதும் உடற்பயிற்சிதான் என்கிறேன். அவ்வளவுதான் சொல்கிறேன்.

"அப்போ ஜிம் பிடிக்கலைன்னு நேரா சொல்லுங்க" என்று உள்பெட்டியில் ஒரு தோழி. சரி, சொல்கிறேன். எங்கள் ஊர் ஜிம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். முதல் நாளே எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொல்லி, எண்ணை அந்தக் கோடிவரை கேட்கும்படி உரக்கப் படித்தார்கள். ஓரமாக நின்ற இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு குழந்தையா மேடம்? அதான்" என்றார் பயிற்சியாளர். நாலு பக்கமும் கண்ணாடி. எங்கே திரும்பினாலும் நான்தான். பதினொரு நாள் போனேன். பன்னிரண்டாம் நாள் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீதிப் பணம் போனது போனதுதான்.

மலையில் என்னை யாரும் எடை போடவில்லை. ஒரு குரங்கு மட்டும் கைப்பையை எடை போட்டது, வாழைப்பழம் போயிற்று.

கைக்கும் தோளுக்கும் மலை பெரிதாக ஒன்றும் செய்யாது என்று ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார். உலக சுகாதார நிறுவனமே வாரத்துக்கு 150 நிமிட நடை மாதிரியான உழைப்போடு, இரண்டு நாள் தசைப்பயிற்சியும் செய்யச் சொல்கிறது என்று எடுத்துக் காட்டியிருந்தார். நியாயம். அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. வீட்டில் இரண்டு டம்பெல் வாங்கி வைத்திருக்கிறேன். சரி, ஒன்று இப்போது கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது.

மூட்டு தேய்ந்துவிடும் என்கிறவர்களுக்கு: உங்களுக்கு முட்டிவலி இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், என் முட்டியை என்னிடம் விடுங்கள்.

"குரங்கணி மறந்துபோச்சா?" என்று கேட்டவருக்குத்தான் பதில் எழுத வரவில்லை. மறக்கவில்லை ஐயா. 2018 மார்ச், தேனி மாவட்டத்து மலை, காய்ந்த புல், காட்டுத்தீ, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதில் பலர் பெண்கள். அதனால்தான் காட்டுப்பாதை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பதில்லை, கோடையில் அந்தப் பக்கமே போவதில்லை. பர்வதமலைக்குப் போனபோதும் கூட்டத்தோடுதான் கடப்பாறைப் படியில் (பாறையில் அடித்துவைத்த இரும்புக் கம்பிகள்) ஏறினேன், தனியாக அல்ல. ஆனால் குரங்கணி நடந்த வாரம் எங்கள் தெருவிலேயே ஒருவர் சொன்னார், "பொம்பளைங்களுக்கு எதுக்கு மலை?" என்று. செத்தவர்களுக்காக அவர் வருத்தப்படவில்லை, அவர்கள் போனதற்காகத்தான் கோபப்பட்டார். முந்தாநாள் அந்தக் கமெண்டைப் படித்தபோது எனக்கு அவர் குரல்தான் கேட்டது. ஜிம்முக்குப் போனால் "அதான்". மலைக்குப் போனால் "சும்மா". எங்கேதான் ஐயா வேர்க்க விடுவீர்கள்?

எங்கேயோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

என் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இதே படிகளில் ஏறியிருக்கிறார். கார்த்திகை ஞாயிறு, நரசிம்மர் கண் திறக்கும் மாதம், கால் வைக்க இடமில்லாத கூட்டம். ஒரு கையில் நான், இன்னொரு கையில் தண்ணீர்க் குடுவை. ஆஞ்சநேயர் கோயில் இருக்கிற சின்னமலை வேறு பாக்கி இருக்கும், அது இன்னும் 406 படி. ஒர்க்அவுட் என்ற வார்த்தையை அம்மா கேள்விப்பட்டதே இல்லை. அதனால் அது ஒர்க்அவுட் இல்லை என்று ஆகிவிடுமா? கைக்குழந்தையோடு 1305 படி. கமெண்ட் போட்ட அந்தத் தம்பி பத்து கிலோ தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும், அப்புறம் நானும் மூன்று பொம்மை போடுகிறேன்.

இந்த ஞாயிறு மறுபடி போகிறேன். விடியற்காலையிலேயே அடிவாரத்தில் இருந்தால் வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடலாம். குச்சி ஒன்று கொண்டுவாருங்கள், தின்பண்டத்தைக் கையில் காட்டாதீர்கள். லைக் போட்ட நாற்பது பேரும் தாராளமாக வரலாம். அம்மாவுக்கு இப்போது கால் முடியாது, 2024-ல் திறந்த ரோப் காரில் வருவார். எனக்கு முன்னாலேயே மேலே போய் உட்கார்ந்துகொண்டு, நான் மூச்சிரைக்க வந்து நிற்கும்போது "என்னடி, இவ்ளோ நேரமா?" என்பார்.

அவர் கேட்கலாம்.