பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

மிக்ஸி பேக்கிங் லைனின் கடைசியில் ஒரு தராசு. எடை வரம்புக்குள் இருந்தால் பச்சை விளக்கு எரியும்; எல்லா பாகமும் உள்ளே இருக்கிறதாம்! எப்படி? ஜார் மூடியின் ரப்பர் வாஷர் சில கிராம்தான். மழைக்காலத்தில் அட்டைப்பெட்டி ஈரம் குடித்தே அதைவிட அதிகம் ஏறிவிடும். மின்விசிறிக் காற்று பட்டால் எண் நிலையாக நிற்காது. எடை வரம்பைக் குறுக்கினால் நல்ல பெட்டிக்கெல்லாம் சிவப்பு விளக்கு, ஓயாத அலறல். அகட்டினால் வாஷர் இல்லாத பெட்டியும் பச்சையில் போய்விடும். வாஷர் விட்டுப்போய், கையேடு இரண்டாக விழுந்தாலும் பச்சைதான். அப்புறம் புகார் வந்தால் யாரைப் பிடிக்கிறார்கள்? லைனில் நிற்கும் எங்களை! சிறு பாகங்களைப் பையில் போடும்போதே எடைபோட்டால் தெரிந்திருக்குமே! பல கிலோ பெட்டிக்குள் ஒரு வாஷரை எந்தத் தராசு கண்டுபிடிக்கும்?